கொத்துவதா, மூடுவதா? செட்டிநாட்டுக் கொல்லையில் களையை அடக்கிக் காய்கறி போட நான்கு வழிகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் பெரிய வீட்டின் பின்கட்டைத் தாண்டினால் ஐந்து சென்டோ பத்து சென்டோ நிலம் சும்மா கிடக்கிறது. ஒரு கிணறு, இரண்டு தென்னை, ஒரு முருங்கை, மூலையில் கறிவேப்பிலை. மிச்ச இடமெல்லாம் ஆவணி மழை விழுந்ததும் பார்த்தீனியம் இடுப்பளவு எழும்பிவிடும். அதன் காலடியில் சாரணை பாய் விரித்திருக்கும். வருஷத்துக்கு இரண்டு தரம் ஆள் விட்டு வெட்டுகிறார்கள். அடுத்த மழையில் மறுபடி அதே காடு.

இங்கே காய்கறி போட நினைக்கிறவருக்கு நாலு பக்கமிருந்தும் யோசனை வருகிறது. மண்வெட்டி போட்டுக் கொத்திப் புரட்டச் சொல்வார் தோட்ட வேலைக்கு வருகிறவர். கொத்தவே வேண்டாம், அட்டையை விரித்து மேலே எருவைக் கொட்டினால் போதும் என்று யூடியூபில் பார்த்த பிள்ளைகள் சொல்வார்கள். சொட்டுநீர்க் கடையில் பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்வார்கள், உரக்கடையில் களைக்கொல்லி மருந்து அடிக்கச் சொல்வார்கள். இந்த நான்கையும் இந்த ஊர் மண்ணிலும் வெயிலிலும், இங்கே முளைக்கிற களைகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நீண்ட காலத்தை வைத்துப் பார்த்தால், அட்டையும் எருவும் போடுகிற கொத்தாத பாத்திதான் இங்கே சரி. ஆனால் எந்தக் களை, எந்த மாதம் என்று பார்க்காமல் தொடங்கினால் அது முதல் மழைக்காலத்தையே தாண்டாது.

முதலில் தரையைப் பாருங்கள்

செட்டிநாட்டு மண் பெரும்பாலும் செம்மண் சரளை. மேலே அரை அடி, முக்கால் அடி மண் இருக்கும். கீழே பல இடங்களில் செம்புறாங்கல். ஈரமாக இருக்கும்போது வெட்டுப்படும், காய்ந்துவிட்டால் கடப்பாரையைத் திருப்பி அடிக்கும். மக்கு, அதாவது மக்கிய இலைதழை, மிகக் குறைவு. மழை ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ.; அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்ந்துவிடும். பங்குனியிலிருந்து ஆனி வரை வெயில் மண்ணைச் சுட்டெடுக்கும்.

பழைய வீட்டுக் கொல்லைகளில் இன்னொரு சங்கதி உண்டு. சுவரை இடித்த காரை, உடைந்த ஓடு, செங்கல் தூள் எல்லாம் பல தலைமுறையாக அங்கேதான் கொட்டப்பட்டிருக்கும். ஒரு பிடி மண்ணைக் காயவைத்து அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். பொரிந்து நுரைத்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று பொருள். அந்த மண்ணில் வைத்த கத்தரியும் தக்காளியும் இளம் இலையில் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். செடிக்கு இரும்புச் சத்து கிடைக்கவில்லை. அங்கே கொத்தினால் அடியில் கிடக்கிற காரை மேலே வரும். மேலே எரு போட்டு உயர்த்தினால் வேர் நல்ல மண்ணில் பிடிக்கும். நுரை வந்த கொல்லைக்காரர் அதற்கு மேல் யோசிக்க வேண்டாம், கொத்தாத பாத்திக்கே போய்விடலாம்.

களைகளையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பார்த்தீனியம், சாரணை, குப்பைமேனி, பண்ணைக்கீரை மாதிரி விதையில் வருகிறவை ஒரு வகை. கோரையும் அருகும் மண்ணுக்குள் கிழங்கும் தண்டுமாக ஓடுகிறவை, அவை வேறு வகை. மூன்றாவது சீமைக் கருவேல். கருவேலுக்குத் தரையை மூடிவைக்கிற எந்த மூடாக்கும் உதவாது. ஒரு அடி ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, தண்டும் வேரும் சேருகிற குமிழை அடியோடு வெட்டி எடுத்தால்தான் திரும்பத் துளிர்க்காது. கொத்தாத தோட்டம் போடுகிறவரும் இந்த ஒரு வேலைக்குக் கடப்பாரை எடுத்தே ஆக வேண்டும்.

மண்வெட்டி: கெட்ட பெயர் பாதிதான் நியாயம்

கொத்துவதன் லாபம் கண்ணுக்கு உடனே தெரியும். காலையில் காடாக இருந்த இடம் சாயங்காலம் செக்கச்செவேல் என்று பாத்தியாகிவிடும். காசு கூலிக்கு மட்டும்தான். இறுகிய மண் இளகுவதால் முதல் வெள்ளாமை நன்றாகவே வரும்.

இதில் என்ன கெடுகிறது? பார்த்தீனியம், சாரணை போன்றவற்றின் பொடி விதைகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கின்றன. பொடி விதைக் களைகள் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். கொத்துகிறபோது நாமே அவற்றை மேலே கொண்டுவந்து வைக்கிறோம். பத்து நாளில் பாத்தி பச்சையாகிவிடும், வெண்டைக்கு முன்னால் சாரணை முளைத்திருக்கும். புரட்டிய மண்ணில் காற்றும் வெப்பமும் ஏறுவதால், இருக்கிற கொஞ்சம் மக்கும் சீக்கிரம் எரிந்துபோகும். கார்த்திகை மழையில் மேல்மண் சேறாகி, வெயில் வந்ததும் ஓடு கட்டிக்கொள்ளும்.

கோரை விஷயம் இன்னும் மோசம். ஒரு கோரையை வேரோடு மெல்லத் தோண்டிப் பாருங்கள். கறுப்பும் தவிட்டு நிறமுமாகச் சின்னச் சின்னக் கிழங்குகள், கம்பி போன்ற ஓடுதண்டில் மணி கோத்த மாதிரி வரிசையாக இருக்கும். நசுக்கினால் மருந்துக்கடை வாசம் அடிக்கும். அந்த மாலையில் நுனிக் கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். மண்வெட்டி மாலையை அறுத்ததும் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். ஐப்பசி ஈரத்தில் கோரைக் கொல்லையைக் கொத்தினால் ஒரு செடியைப் பத்தாக்கி நட்டதற்குச் சமம்.

அதே மண்வெட்டி சித்திரையில் வேறு வேலை செய்யும். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சும்மா சொல்லவில்லை. கோரைக்கிழங்கு உளுந்து மாதிரி காய்ச்சலைத் தாங்கி உயிரோடு கிடக்கிற விதை இல்லை. உள்ளே இருக்கிற ஈரம் வற்றினால் செத்துவிடும். ஒரு கோடை மழை பெய்து மண் இளகிய மறுநாள் அரை அடி ஆழத்துக்குக் கட்டி கட்டியாகப் புரட்டி, கட்டிகளை உடைக்காமல் விட்டுவிட வேண்டும். பத்து நாள் வெயில் காய்ந்தபின் இன்னொரு தரம் புரட்ட வேண்டும். பெரும்பாலான கிழங்குகள் இந்த அரை அடிக்குள்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பாயக்கூடாது. மழை வந்துவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஆக, கோரைக்கு மண்வெட்டி மருந்தா விஷமா என்பதை மாதம்தான் தீர்மானிக்கிறது. கோரை மண்டிய கொல்லைக்காரர் கொத்தாத பாத்தி தொடங்கும் முன் ஒரே ஒரு சித்திரையில் இப்படிப் புரட்டிக் காயவைப்பதை நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம். தென்னை வேர் பரவிய இடத்தில் மட்டும் இது ஆகாது.

கொத்தாத பாத்தி: கணக்கு தெரிந்தால்தான் நிற்கும்

குப்பைமேட்டில் யாரும் விதைக்காமல் முளைத்த பூசணி, பாத்தி கட்டி வைத்த பூசணியைவிடக் கொழுத்துக் காய்ப்பதை எல்லா ஊரிலும் பார்த்திருப்போம். இந்த முறையின் அடிப்படை அவ்வளவுதான். களையை வெட்டித் தரையிலேயே போட்டு, வெளிச்சம் புகாமல் அட்டையால் மூடி, அதன்மேல் மக்கிய எருவைப் பரப்பி, எருவில் நடுவது. அடியில் களை வெளிச்சமில்லாமல் சாகும். அட்டையும் மக்கும். மண்புழு மேலிருப்பதைக் கீழே இழுத்துக்கொண்டுபோய் நமக்காக உழும்.

இங்கிலாந்தின் சாமர்செட்டில் சார்லஸ் டவுடிங் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் காய்கறி விளைவிக்கிறார். ஆண்டுக்கு ஒன்றிரண்டு அங்குலம் மக்கு போட்டால் அங்கே போதுகிறது. நம்மூரில் அந்த அளவை அப்படியே எடுத்தால் ஏமாந்துபோவோம். அங்கே குளிர் மக்கைக் காத்துவைக்கிறது, இங்கே வெயில் அதைத் தின்றுவிடுகிறது. ஆடியில் நாலு அங்குலம் பரப்பிய எரு தையில் ஒரு அங்குலமாக அமுங்கிக் கிடக்கும். அதனால் வருஷத்துக்கு இரண்டு தரம் போட வேண்டும், போட்டதை வெயில் படாமல் மூடியும் வைக்க வேண்டும். எருவுக்கு மேலே இன்னொரு மூடாக்கு இங்கே கட்டாயம்.

எவ்வளவு எரு வேண்டும்? நாலடி அகலம், பத்தடி நீளப் பாத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாற்பது சதுர அடிக்கு நாலு அங்குலக் கனம் போட்டால் 13 கன அடிக்குக் கொஞ்சம் அதிகம், ஏறக்குறைய 375 லிட்டர். பத்து லிட்டர் சட்டியில் அள்ளினால் 37, 38 சட்டி; லேசான ஈரத்தோடு 225 கிலோ வரும். ஒரு சென்டில் நடைபாதை போக ஆறு பாத்தி போடலாம். ஆறுக்கும் சேர்த்து 1,350 கிலோ, அதாவது குட்டி யானை என்கிற சின்ன லாரியில் இரண்டு லோடு. இந்தக் கணக்கைப் போடாமல் பத்துச் சட்டி எருவை அட்டைமேல் தூவிவிட்டு, இந்த முறை சரிப்படவில்லை என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அவ்வளவு எரு கிடைக்காதவர் குழி முறைக்குப் போகலாம். அட்டைக்கு மேலே எருவுக்குப் பதில் காய்ந்த தழையும் வைக்கோலும் ஐந்தாறு அங்குலம் போட்டு, செடி வருகிற இடத்தில் மட்டும் தழையை விலக்கி எருவை நிரப்புவது. இரண்டடி இடைவெளியில் கத்தரி வைத்தால் அந்தப் பாத்திக்குப் பத்துச் செடி. செடிக்கு ஐந்து லிட்டர் வீதம் ஐம்பது லிட்டர் எரு போதும். வெண்டை ஒன்றரை அடிக்கு ஓரடியில் முப்பது செடி. குழிக்கு இரண்டு லிட்டர் வீதம் அறுபது லிட்டர். முதல் வருஷத்துக்கு இது நல்ல சமரசம். கீரைக்கு மட்டும் இது உதவாது.

எருவின் தரம் அளவைவிட முக்கியம். ஆட்டுக்கிடை போடுகிற மேய்ப்பர்களான கீதாரிகளிடமோ பக்கத்து ஆட்டுக் கொட்டகையிலோ வாங்கும் புழுக்கையில் சீமைக் கருவேல விதை இருக்கும். ஆடு நெற்றைத் தின்னும், விதை வயிற்றில் செரிக்காமல் தோல் மட்டும் இளகி வெளியே வரும். அப்படி வந்த விதை முளைக்கத் தயாராக இருக்கிறது. வாங்கிய எருவை நிழலில் நாலு அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து, சாக்கு போட்டுப் பத்து நாள் மூடிவையுங்கள். முளைத்ததைக் கிளறிக் கொன்று, இன்னொரு தரம் அப்படியே செய்தபின் பாத்திக்குக் கொண்டுபோங்கள். பச்சைச் சாணத்தைப் பரப்பவே கூடாது; சூடேறி நாற்றின் வேரைக் கருக்கிவிடும். எருவைக் கிளறும்போது விரல் பருமனில், வில்லாக வளைந்த வெள்ளைப் புழு வந்தால் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். அது எருவைத் தின்று வளரும், வண்டானதும் நேரே தென்னங்குருத்துக்கு ஏறும். கொல்லையில் தென்னை இருந்தால் எருவைச் சலித்துப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சைத் தூளைக் கரைத்து ஊற்றுவதும் பலன் தரும்.

இனி விரிக்கிற முறை. களையை அடியொட்டி அறுத்து அங்கேயே போடுங்கள். பூத்த பார்த்தீனியத்தை மட்டும் கையுறை போட்டுப் பிடுங்கி வெளியேற்றுங்கள், ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். தரை கல்லாக இருந்தால் அடிக்கு ஒரு இடத்தில் கடப்பாரையை முக்கால் அடி இறக்கி ஆட்டி எடுத்து, அந்தத் துளைகளில் தண்ணீர் விடுங்கள். மண்ணைப் புரட்டாமல் தண்ணீருக்கும் வேருக்கும் வழி விடுவது மட்டுமே நோக்கம். செம்புறாங்கல் மேலாக இருக்கும் இடத்தில் இதைச் செய்யாவிட்டால் மழைத் தண்ணீர் அட்டைக்கு அடியில் தேங்கி வேர் அழுகும்.

அட்டை போடும் முன் மண் நன்றாக நனைந்திருக்க வேண்டும். பங்குனியில் காய்ந்த மண்ணின்மேல் காய்ந்த அட்டையை விரிப்பது தரைக்குக் கூரை போடுகிற வேலை. பிறகு பெய்கிற சிறு மழையெல்லாம் மேலேயே நின்று ஆவியாகிவிடும். அட்டை பழுப்பு நிறச் சாதா அட்டையாக இருக்கட்டும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பெட்டிகள் அகலமானவை, ஒட்டு குறையும். டேப்பையும் பின்னையும் உரித்துவிட்டு, தொட்டியில் ஊறவைத்து, ஒன்றின்மேல் ஒன்று அரை அடி ஏறும்படி விரியுங்கள். சந்து இருந்தால் அருகு அந்தச் சந்தில்தான் வரும். பாத்தியின் எல்லையையும் தாண்டிச் சுற்றிலும் ஓரடிக்கு அட்டை நீண்டிருக்க வேண்டும்.

கரையானைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். வரும். காய்ந்த அட்டை அதற்கு விருந்து. ஈரமான அட்டையைக் கரையான் தின்பது மெதுவாக நடக்கும். அதற்குள் களை செத்துவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. மூன்று வாரத்துக்குள் தின்று தீர்த்துவிட்டால்தான் பிரச்சினை. இரண்டடுக்கு அட்டை, பாத்திக்கு ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு அடியில் தூவுவது, ஈரம் வற்றாமல் பார்ப்பது என்று மூன்றும் சேர்ந்தால் இரண்டு மாதம் தாங்கும். நிற்கிற செடியைக் கரையான் தொடுகிறது என்றால் செடி தண்ணீருக்கு வாடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல் மூடாக்குக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. தென்னை ஓலையைக் கீறி மட்டையை நீக்கிப் போடலாம், பாத்தி ஓரத்துக்கு அந்த மட்டையே கரை. வைக்கோல், கொழிஞ்சி, ஆவாரை, வேப்பந்தழை, புங்கந்தழை எல்லாம் ஆகும். நிலக்கடலைத் தொலி நல்ல மூடாக்குதான், ஆனால் கடலையைத் தாக்கும் தண்டழுகல் பூஞ்சை அதில் தங்கியிருக்கலாம். தக்காளி, மிளகாய்த் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். பொறுக்காமல் விட்ட பருப்பு இருந்தால் எலி தோண்டும். பச்சைத் தென்னை நார்க்கழிவை எருவோடு கலந்துவிட்டால் அது மக்குவதற்காகத் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். மேலாகப் பரப்பினால் அந்தத் தொல்லை இல்லை. ஓலைக்கும் தழைக்கும் அடியில் தேளும் பூரானும் குளிர்ச்சிக்கு ஒதுங்கும், சில சமயம் பாம்பும். குச்சியால் தட்டி விலக்காமல் கையை உள்ளே விடாதீர்கள். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

நடுவதில் ஒரு வித்தியாசம் உண்டு. வெண்டை, கொத்தவரை, அவரை, பீர்க்கு போன்ற பெரிய விதைகளைத் தழையை விலக்கி எருவில் ஓர் அங்குல ஆழத்தில் இரண்டிரண்டாக ஊன்றலாம். கத்தரி, மிளகாய், தக்காளியை நாற்றாக வைக்க வேண்டும். அரைக்கீரை, சிறுகீரையின் கடுகளவு விதை கட்டி எருவில் காணாமல் போகும். சலித்த எரு இரண்டு அங்குலம், மணலோடு கலந்த விதை, நாற்று மூன்று அங்குலம் வளரும்வரை மேலே மூடாக்கு இல்லாமல் பூவாளித் தண்ணீர் என்று தனியாகப் பார்த்தால்தான் வரும். மரவள்ளி, சேனைக்குக் கொத்தாத பாத்தி வீண். பறிக்கும்போது எப்படியும் தோண்டப்போகிறோம்.

காய்ப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட வேண்டும், வேர் உள்ளேயே மக்கி அடுத்த செடிக்கு வழி விடும். இதற்கு ஒரு விலக்கு. வெண்டை, கத்தரி, தக்காளியில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்தப் பாத்தியில் எல்லா வேரையும் தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள், அடுத்த போகம் துலுக்கச் சாமந்தி வையுங்கள். இந்த இடத்தில் கொத்தக்கூடாது என்ற விரதம் பிடிப்பது தவறு.

ஷீட்: கண்ணாடி ஷீட் வேறு, கறுப்பு ஷீட் வேறு

கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், வேலையோ நேரெதிர். உள்ளே தெரிகிற கண்ணாடி பாலித்தீன் மண்ணைச் சுடுவதற்கு. சித்திரை, வைகாசியில் தரையைச் சமப்படுத்தி, நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, 25 முதல் 50 மைக்ரான் ஷீட்டைத் தரையோடு ஒட்டி விரித்து, நாலு பக்கமும் அரை அடிக் குழியில் புதைத்து, ஐந்தாறு வாரம் விட வேண்டும். மேல் இரண்டு அங்குல மண் 50 டிகிரியைத் தாண்டும். அந்த ஈரச் சூட்டில் விதைக் களைகளில் பெரும்பாலானவை வெந்துவிடும். நூற்புழுவும் பூஞ்சையும் குறையும். செட்டிநாட்டு வெயிலை இதைவிட நன்றாகப் பயன்படுத்த முடியாது. சரளைக் கல்லும் ஓட்டுச் சில்லும்தான் எதிரி. ஒரு ஓட்டை விழுந்தாலும் சூடு வெளியேறும். விரிக்கும் முன் தரையைக் கையால் தடவிப் பார்த்துக் கூரான கல்லைப் பொறுக்கிவிட வேண்டும். எடுத்தபின் மண்ணைக் கொத்தக்கூடாது. அடியில் வேகாத விதை மேலே வந்துவிடும். கொத்தாத பாத்திக்கு இதைவிடப் பொருத்தமான முன்வேலை கிடையாது.

கோரைக்கு இரண்டு ஷீட்டும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது கவனிக்க வேண்டியது. இருட்டில் கோரை இலையை விரிக்காமல் ஊசி மாதிரிச் சுருட்டிக்கொண்டே மேலேறும். அந்த ஊசி அட்டையையும் குத்தும், மெல்லிய கறுப்பு ஷீட்டையும் குத்தும். கண்ணாடி ஷீட்டுக்கு அடியில் மண்ணைவிட்டு வந்ததுமே வெளிச்சம் படுவதால் அங்கேயே இலையை விரித்துவிடும். விரிந்த இலை ஷீட்டைத் துளைக்க முடியாமல் மடங்கி வேகும். ஆழத்துக் கிழங்கு பிழைத்துக்கொள்ளும் என்பதால் கோரை முழுக்க ஒழிந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். எண்ணிக்கை நன்றாகக் குறையும்.

கறுப்பு ஷீட்டையும், மேலே வெள்ளி நிறம் உள்ள ஷீட்டையும் வெள்ளாமை நிற்கும்போதே போடுவது வழக்கம். மிளகாய், தக்காளி போடுகிற பெரிய தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாயோடு சேர்ந்து இது நல்ல ஏற்பாடு. வீட்டுக் கொல்லைக்கு எங்களுக்கு இதில் மனம் ஒட்டவில்லை. சித்திரை வெயிலில் வெறும் கறுப்பு ஷீட் துளையோரத்தில் நாற்றின் கழுத்தைச் சுட்டுவிடும், போட்டால் வெள்ளிப் பக்கம் மேலே இருக்க வேண்டும். நடுவில் எரு சேர்க்க வழியில்லை. இரண்டு போகத்தில் நைந்து துண்டு துண்டாக மண்ணில் கலக்கும். அதைப் பொறுக்குவது களை பொறுக்குவதைவிடக் கொடுமை. அருகு மண்டிய இடத்தைச் சும்மா மூடிவைத்துக் கொல்லக் கனமான கறுப்புத் தார்ப்பாய் போதும். மூன்று மாதம் வெளிச்சமும் தண்ணீரும் காட்டாமல் மூடி, பிறகு சுருட்டி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

மருந்து

இதற்கு அதிக இடம் தேவையில்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியாக இறங்கி வேர்வரை போகும், உண்மைதான். கோரையில் மேலே இலை விட்டிராத, உறங்கும் கிழங்குக்குப் பெரும்பாலும் போய்ச் சேராது. ஆறு வாரத்தில் அது எழுந்துவரும். மண்ணில் கிடக்கும் விதையை ஒன்றும் செய்யாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-ல் இதை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்ற வகையில் சேர்த்தது. பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலமாக மட்டுமே இதைத் தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. கிணற்றுக்கு இருபதடியில், குழந்தைகள் விளையாடும் கொல்லையில், சமைக்கிற காய்க்கு இது தேவையே இல்லை. உப்பைக் கரைத்து ஊற்றுகிற வீட்டு வைத்தியம் இதைவிட மோசம். களை திரும்ப வரும், மண்ணுக்குள் போன உப்பு மட்டும் லேசில் வெளியேறாது.

எந்தக் கொல்லைக்கு எது

பார்த்தீனியமும் சாரணையும் மட்டும் என்றால் அட்டையும் எருவும் போட்டு நேரே கொத்தாத பாத்தி. வேறு எதற்கும் செலவழிக்க வேண்டாம். ஆனியில் விரித்து, ஆடிப்பட்டத்துக்கு வெண்டையும் கொத்தவரையும் ஊன்றலாம். பக்கத்தில் வைத்த கத்தரி மழைக்காலம் முழுக்க நின்று தையிலும் காய்க்கும். வெண்டையை ஒருநாள்விட்டு ஒருநாள் பிஞ்சாக ஒடித்தால்தான் அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற மண்டிக்கு ஆகும். முற்றினால் செடியும் காய்ப்பை நிறுத்திக்கொள்ளும்.

கோரை என்றால் ஒரு கோடையைச் செலவழித்தே ஆக வேண்டும். சித்திரையில் புரட்டிக் காயவைப்பது முதல் தேர்வு. தண்ணீர் வசதியும் ஷீட்டும் இருந்தால் கண்ணாடி ஷீட் இரண்டாவது தேர்வு. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது, ஒன்றுக்குக் காய்ச்சல் வேண்டும், மற்றதற்கு ஈரம் வேண்டும். அதன்பிறகு இரண்டடுக்கு அட்டையோடு கொத்தாத பாத்தி. அட்டையைக் குத்திக்கொண்டு வருகிற கோரையைப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் தவறாமல் கிள்ளுங்கள். முளைத்து மூன்று, நாலு வாரத்தில் அது புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்கு முன் கிள்ளிக்கொண்டே இருந்தால் பழைய கிழங்கு தன் இருப்பைச் செலவழித்து ஓயும். முதல் வருஷம் அந்தப் பாத்தியில் சர்க்கரைவள்ளிக் கொடியைப் பரப்புங்கள். கோரைக்கு நிழல் ஆகாது, வள்ளிக் கொடி தரையில் ஒரு விரல் இடம்கூட வெளிச்சத்துக்கு விடாது. இப்போதைக்குக் கிழங்கைத் தோண்டாமல் கீரைக்கும் கொடிக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் மண்ணும் கலையாது.

அருகுக்குத் தார்ப்பாய், பிறகு பாத்தியைச் சுற்றி அரை அடி ஆழத்தில் ஒரு மண்வெட்டி அகல வாய்க்கால். அருகு எப்போதும் ஓரத்திலிருந்துதான் உள்ளே வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் அந்த வாய்க்காலில் எட்டிப்பார்க்கிற தண்டுகளை அறுத்துவிட்டால் உள்ளே கை வைக்கத் தேவையில்லை.

காரை கலந்த மண்ணுக்கும், வயதானவர்கள் தனியாகப் பார்க்கிற கொல்லைக்கும் கொத்தாத பாத்தியை விட்டால் வேறு வழி சொல்ல மாட்டோம். எரு வாங்க வசதியில்லாமல் நிலம் மட்டும் நிறைய இருக்கிறவர் முதலில் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, 45 நாளில் பூக்கும் முன் அறுத்து அங்கேயே படுக்கவைத்து, அதன்மேல் குழி முறையில் நடலாம். வேர் இறுகிய மண்ணைத் துளைக்கும், தழை மூடாக்காகும்.

ஒருமுறை அமைந்த பாத்திக்கு வருஷத்தில் வேலை சில நாள்தான். ஆனிக் கடைசியில் இரண்டு அங்குல எரு, தையில் இன்னொரு இரண்டு அங்குலம்; பாத்திக்குத் தடவைக்கு 19 சட்டி. புரட்டாசியில் தழையைச் செடியின் தண்டிலிருந்து நாலு விரல் விலக்கி, பாத்தியைச் சுற்றிய வாய்க்காலைத் தூர் எடுத்து, கிணற்றுப் பக்கமோ முருங்கைப் பக்கமோ வடிகால் விடுங்கள். அடைமழை நாட்களில் காலையில் ஓலையைத் திருப்பிப் பார்த்து நத்தையைப் பொறுக்குங்கள். மாசி பிறந்ததும் மெலிந்துபோன மூடாக்கின்மேல் இன்னொரு கை தழை போட்டு, தண்ணீர் பாய்ச்சும் முன் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.